நிலம் உங்களுடையது, அடியில் இருக்கும் தண்ணீர் யாருடையது?

உங்கள் நிலத்தில் 300 அடியில் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் 1,000 அடிக்கு போர் போட்டுப் பெரிய மோட்டாரை இறக்குகிறார். அடுத்த கோடையில் உங்கள் குழாயில் காற்றுதான் வருகிறது. அவர் செய்ததில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. கையில் பணம் இருந்தால் நீங்களும் 1,200 அடிக்குப் போகலாம். இல்லாவிட்டால் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டியதுதான்.

நம் விவசாயிகளுக்குப் பழக்கமான இந்தச் சங்கடம், அமெரிக்காவின் பெரிய பெரிய பண்ணைகளையும் இன்று ஆட்டிப் படைக்கிறது. அங்கே பல மாநில அரசுகள் நிலத்தடி நீருக்குக் கணக்கு கேட்கத் தொடங்கிவிட்டன. கிணறுகளுக்கு மீட்டர் வருகிறது. ஏக்கருக்கு இவ்வளவுதான் என்று அளவு குறிக்கப்படுகிறது. அந்த அளவை யார் குறிப்பது, யாருடைய வயல் முதலில் காய்வது என்பதில்தான் இப்போது சண்டையே.

மாநிலத்துக்கு ஒரு சட்டம்

அமெரிக்காவில் விவசாயி எவ்வளவு நிலத்தடி நீர் எடுக்கலாம் என்பதைப் பெரும்பாலும் வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு முடிவு செய்வதில்லை. அது மாநிலத்தின் அதிகாரம். மாநிலம் சட்டம் போடும். கவுன்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்களும், பாசன மாவட்டங்களும், நீர் மேலாண்மை வாரியங்களும் அதை நடைமுறைப்படுத்தும். அதனால் ஒரு மாநில எல்லையைத் தாண்டினால் தண்ணீர்ச் சட்டமே மாறிவிடும்.

டெக்சாஸில் 1904ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின்படி, தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை உரிமையாளர் இறைத்துக்கொள்ளலாம்; அதனால் அடுத்தவர் கிணறு வற்றினாலும் பொதுவாக அவர் மீது வழக்குப் போட முடியாது. நெப்ராஸ்காவும் கான்சாஸும் 1972லேயே நிலத்தடி நீரை நிர்வகிக்க உள்ளூர் மாவட்டங்களை அமைக்க வழி செய்துவிட்டன. நெப்ராஸ்காவில் இன்று 23 இயற்கை வள மாவட்டங்கள் உள்ளன. அவற்றின் வாரிய உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் அவற்றுக்கு உண்டு.

காய்கறி, பழம், பாதாம், பால் என எல்லாவற்றிலும் முன்னணியில் நிற்கும் கலிஃபோர்னியாதான் இதில் கடைசியாக விழித்துக்கொண்டது. ஆற்று நீரை எடுக்க அங்கே 1914 முதல் மாநிலத்தின் அனுமதி வேண்டும். நிலத்தடி நீருக்கு மட்டும் இன்னும் 100 ஆண்டுகள் அப்படிப்பட்ட பொதுச் சட்டம் எதுவும் இல்லை.

தரை இறங்கிய பள்ளத்தாக்கு

கலிஃபோர்னியாவின் நடுவில் நீண்டு கிடக்கிறது சான் வாக்கீன் பள்ளத்தாக்கு. மழை குறைவு, வெயில் அதிகம், மண் வளமானது. உலகின் பாதாம் பருப்பில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு கலிஃபோர்னியாவில்தான் விளைகிறது. அதில் பெரும்பகுதி இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. மலையில் உறையும் பனி உருகி வரும் தண்ணீர் நல்ல ஆண்டுகளில் கால்வாய்களில் கிடைக்கும். வறட்சி வந்தால் எல்லோருடைய கையும் மோட்டார் சுவிட்சுக்குப் போகும். மாநிலத்தின் மொத்தத் தண்ணீர்த் தேவையில் சாதாரண ஆண்டுகளில் சுமார் 40 சதவீதத்தையும், வறட்சி ஆண்டுகளில் 60 சதவீதம் வரையும் நிலத்தடி நீரே தருகிறது.

மேலே இருந்து இறங்குவதைவிட அதிகமாக இறைத்தால் நீர்மட்டம் குறையும் என்பது நமக்குத் தெரியும். அங்கே தரையும் சேர்ந்து இறங்கியது. தண்ணீர் வெளியேறிய களிமண் அடுக்குகள் மேலே உள்ள எடையைத் தாங்காமல் அமுங்கிவிடுகின்றன. மென்டோட்டா என்ற ஊருக்கு அருகே 1925க்கும் 1977க்கும் இடையில் தரை சுமார் 9 மீட்டர் கீழே போனதை ஜோசப் போலந்து என்ற நிலவியல் அறிஞர் பதிவு செய்தார். ஒரு மின்கம்பத்தில் பழைய தரைமட்டம் எங்கே இருந்தது என்று ஆண்டு வாரியாகப் பலகை மாட்டி, அவர் கீழே நிற்கும் படம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. இப்படி அமுங்கிய களிமண் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அந்த அளவுக்கு நீரைச் சேமித்து வைத்த இடம் நிரந்தரமாகப் போய்விடுகிறது.

தரை இறங்கினால் கால்வாயும் இறங்கும். பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரம் 152 மைல் நீளத்துக்கு ஓடும் ஃப்ரையன்ட்-கெர்ன் கால்வாய், மின்சாரம் இல்லாமல் சரிவை மட்டும் நம்பித் தண்ணீர் கொண்டுபோவது. நடுவில் ஒரு பகுதி தாழ்ந்துபோனதால் அந்த இடத்தில் கால்வாய் தன் கொள்ளளவில் 60 சதவீதம் வரை இழந்தது. பக்கத்திலேயே 10 மைல் தூரத்துக்குப் புதுக் கால்வாய் வெட்ட வேண்டியதாயிற்று. நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததன் விலையை, ஆற்று நீரை நம்பியிருந்த விவசாயிகளும் கொடுத்தார்கள்.

2012 முதல் 2016 வரை நீடித்த கடும் வறட்சியில் நிலைமை முற்றியது. வசதி உள்ள பண்ணைகள் இன்னும் ஆழமாக போர் போட்டன. டுலேரி கவுன்டியில் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற ஏழை ஊரில் நூற்றுக்கணக்கான வீடுகளின் கிணறுகள் 2014இல் வற்றின. அந்த மக்கள் பாட்டில் தண்ணீரையும், வாசலில் வைத்த தொட்டிகளையும் நம்பி வாழ்ந்தார்கள். பிறகு பக்கத்து நகரத்தின் குடிநீர்க் குழாயோடு அந்த ஊர் இணைக்கப்பட்டது.

ஊரே திட்டம் போடட்டும்

2014 செப்டம்பரில் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நிலைத்த நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்காவில் மாநில அரசின் தலைவரை ஆளுநர் என்பார்கள். நம் முதல்வரைப் போல மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர் அவர்.

எவ்வளவு இறைக்கலாம் என்று இந்தச் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. அந்தந்தப் பகுதியில் உள்ள கவுன்டி, நகராட்சி, பாசன மாவட்டம் ஆகியவை சேர்ந்து ஒரு நிலத்தடி நீர் அமைப்பை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த அமைப்பே திட்டம் போட வேண்டும். கிணறுகளைப் பதிவு செய்வது, மீட்டர் பொருத்தச் சொல்வது, அளவு குறிப்பது, கட்டணம் வாங்குவது என எல்லா அதிகாரமும் அதற்கு உண்டு. மாநிலம் முழுவதும் 250க்கும் மேற்பட்ட அமைப்புகள் உருவாயின.

மிகவும் வற்றிய நிலையில் இருந்த 21 நீர்ப்படுகைகள் 2020 ஜனவரிக்குள் திட்டம் கொடுக்க வேண்டும். 2040க்குள் சமநிலைக்கு வர வேண்டும். மற்ற முக்கியப் படுகைகளுக்கு 2042 வரை அவகாசம். சமநிலை என்றால் என்ன என்பதையும் சட்டம் விளக்குகிறது. நீர்மட்டம் தொடர்ந்து குறையக் கூடாது. இருப்பு கரையக் கூடாது. கடல்நீர் உட்புகக் கூடாது. நீரின் தரம் கெடக் கூடாது. தரை இறங்கக் கூடாது. ஆறு, ஓடைகளின் நீரோட்டம் பாதிக்கப்படக் கூடாது.

உள்ளூர் அமைப்பு சரியாகச் செய்யாவிட்டால்? அப்போது மாநிலம் நேரடியாக உள்ளே வரும். 2023 மார்ச்சில் ஆறு படுகைகளின் திட்டங்கள் போதாது என்று மாநில நீர்வளத் துறை நிராகரித்தது. ஆறும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் உள்ளவை. அவற்றில் டுலேரி ஏரிப் படுகையை 2024 ஏப்ரலிலும், டூலி படுகையை அதே ஆண்டு செப்டம்பரிலும் மாநில நீர்வாரியம் தன் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது. கவீயா படுகைக்காரர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். திட்டத்தைத் திருத்தி, வற்றிய வீட்டுக் கிணறுகளுக்கு ஈடு செய்யும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். அவர்கள் மீதான விசாரணை கைவிடப்பட்டது.

உங்கள் தோட்டமாக இருந்தால்

டுலேரி ஏரிப் படுகையில் உங்களுக்கு 100 ஏக்கர் பாதாம் தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீரை 'ஏக்கர் அடி' என்ற அளவில் கணக்கிடுவார்கள். ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் அது. சுமார் 12.3 லட்சம் லிட்டர். காய்ப்புக்கு வந்த பாதாம் மரங்களுக்கு ஆண்டுக்கு ஏக்கருக்குச் சுமார் 4 ஏக்கர் அடி தேவைப்படும். முழுக்க போர் தண்ணீர் என்றால் உங்கள் தோட்டத்துக்கு 400 ஏக்கர் அடி.

மாநிலக் கண்காணிப்பில் உள்ள படுகைக்கு அறிவிக்கப்பட்ட கட்டணம், ஒரு கிணற்றுக்கு ஆண்டுக்கு 300 டாலர். இறைக்கும் ஒவ்வோர் ஏக்கர் அடிக்கும் 20 டாலர். இரண்டு கிணறு இருந்தால் 600 டாலர். தண்ணீருக்கு 8,000 டாலர். ஆக 8,600 டாலர். நம் கணக்கில் 7 லட்சம் ரூபாய்க்கும் மேல். இது தவிர, எவ்வளவு இறைத்தீர்கள் என்று கணக்கும் கொடுக்க வேண்டும். வீட்டுத் தேவைக்கு மட்டும் ஆண்டுக்கு 2 ஏக்கர் அடிக்குள் எடுப்பவர்களுக்கு விலக்கு உண்டு.

இந்தப் பணத்தைவிட விவசாயிகளுக்குப் பெரிய பயம் இன்னொன்று. கண்காணிப்புக் காலத்திலும் குறைகள் சரியாகாவிட்டால் மாநிலமே இடைக்காலத் திட்டம் போட்டு, இறைக்கும் அளவைக் குறைத்துவிடலாம். கட்டணத்தைக் கடன் வாங்கியாவது கட்டலாம். 25 ஆண்டு நிற்க வேண்டிய மரத்துக்குப் பாதித் தண்ணீர் விட்டு என்ன செய்வது? கிங்ஸ் கவுன்டி விவசாயிகள் சங்கம் நீதிமன்றம் சென்றது. 2024இல் கவுன்டி நீதிமன்றம் மாநிலத்தின் நடவடிக்கைக்குத் தடை விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது.

ஐந்து லட்சம் ஏக்கர்

சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் ஏக்கர் அடி தண்ணீர், உள்ளே இறங்குவதைவிடக் கூடுதலாக வெளியே எடுக்கப்பட்டு வந்தது. இந்தப் பள்ளத்தை அடைக்க, 2040க்குள் குறைந்தது 5 லட்சம் ஏக்கர் பாசன நிலத்தைத் தரிசாக விட வேண்டிவரும் என்று கலிஃபோர்னியா பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் கணித்திருக்கிறது. பள்ளத்தாக்கின் பாசனப் பரப்பில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

எந்த 5 லட்சம் ஏக்கர் என்பதுதான் கேள்வி. கால்வாய் நீருக்கு உரிமை உள்ள நிலம் தப்பித்துக்கொள்ளும். போர் தண்ணீரை மட்டும் நம்பிய நிலத்துக்கு இப்போதே விலை சரிந்துவிட்டது. நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவர் பாதியைத் தரிசாக விட்டு, அந்தத் தண்ணீரை மீதிப் பாதிக்குப் பாய்ச்சலாம். 10 ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடும் ஃபிரெஸ்னோ பகுதி ஹ்மாங் விவசாயிக்கு அந்த வசதி இல்லை. லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய சமூகம் அது. அவர்களில் பலருடைய கிணறுகள் ஆழம் குறைந்தவை. பெரிய பண்ணைக்குத் தண்ணீர் எட்டும்போதே இவர்களுக்கு எட்டாமல் போய்விடும்.

உள்ளூர் அமைப்பு என்றாலே எல்லோருக்கும் சம குரல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டுலேரி ஏரிப் பகுதியின் நீர்ச்சேமிப்பு மாவட்டத்தில் ஆளுக்கொரு வாக்கு என்ற முறை இல்லை. நிலத்தின் மதிப்புக்கு ஏற்ப வாக்கு. ஒரே ஒரு பெரிய பண்ணை நிறுவனத்திடம் வாரியத்தையே கையில் வைக்கும் அளவுக்கு வாக்குகள் இருந்தன. குத்தகைதாரருக்கும், அங்கே குடியிருக்கும் தொழிலாளிக்கும் வாக்கே கிடையாது. இது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட மாவட்டங்களும் கூடித்தான் புதிய நிலத்தடி நீர் அமைப்புகள் பல உருவாயின. கிராமக் குடிநீர்க் கிணறுகளைப் பற்றி முதல் திட்டங்கள் போதிய அக்கறை காட்டவில்லை என்று மாநிலம் குறை சொன்னதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஷெரிடன் விவசாயிகள் செய்தது

சட்டத்தின் கெடு வருவதற்கு முன்பே முடிவெடுத்தவர்களும் உண்டு. கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலை, எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்து கிடக்கும் ஒகலாலா நீர்ப்படுகையின் மேல் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் மக்காச்சோளம். நீர்மட்டம் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது.

கான்சாஸ் சட்டப்படி முதலில் உரிமை வாங்கியவருக்கே முன்னுரிமை. பற்றாக்குறை வந்தால் கடைசியாக வந்தவரின் மோட்டாரைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் ஊரில் பாதிப் பேர் விவசாயத்தை விட்டே போக வேண்டியிருக்கும். 2012இல் மாநிலம் ஒரு புதிய வழியைத் திறந்தது. ஒரு பகுதி விவசாயிகள் தங்கள் நிலத்தடி நீர் மாவட்டத்தின் மூலம் குறைப்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கலாம். மாநிலத்தின் தலைமை நீர்ப் பொறியாளர் விசாரணை நடத்தி ஏற்றுக்கொண்டால், அது எல்லோரையும் கட்டுப்படுத்தும் உத்தரவாகிவிடும்.

ஷெரிடன் கவுன்டியை ஒட்டிய சுமார் 100 சதுர மைல் பரப்பு விவசாயிகள் 2013இல் முதல் ஆளாக அதைப் பயன்படுத்தினார்கள். மூத்த உரிமை, இளைய உரிமை என்று பார்க்காமல் எல்லோரும் 20 சதவீதம் குறைத்துக்கொள்வது என்று முடிவு. ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து ஏக்கருக்கு 55 அங்குலத் தண்ணீர். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மிச்சப்படுத்தி, காய்ந்த ஆண்டில் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். கான்சாஸில் பாசனக் கிணறுகளில் பெரும்பாலும் ஏற்கெனவே மீட்டர் இருந்தது. ஆண்டுக் கணக்கு கொடுப்பதும் கட்டாயம். அதனால் யார் எவ்வளவு எடுத்தார் என்பதில் சந்தேகம் எழ இடமில்லை.

விளைவு என்ன? மண்ணில் ஈரமானி வைத்துப் பார்த்துப் பாய்ச்சினார்கள். சிலர் மக்காச்சோளப் பரப்பைக் குறைத்துச் சோளம், கோதுமைக்கு மாறினார்கள். குறைத்த தண்ணீர் 20 சதவீதத்தையும் தாண்டியது. மகசூல் பெரிதாக விழவில்லை. விதை, உரம், எரிபொருள் செலவு குறைந்ததால் பக்கத்துப் பகுதி விவசாயிகளைவிடக் கையில் நின்ற வருமானம் குறையவில்லை என்று கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. நீர்மட்டம் இறங்கும் வேகம் வெகுவாகத் தணிந்தது. 2018இலும் 2023இலும் அவர்களே திட்டத்தைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

ஆனால் தெற்கே உள்ள மாவட்டங்கள் இந்த வழியில் வேகமாக வரவில்லை. 2023இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு கெடு வைத்தது. நிலத்தடி நீர் மாவட்டங்கள் தங்கள் பகுதியில் மோசமான இடங்களை அடையாளம் காட்டி, 2026 ஜூலை 1க்குள் செயல்திட்டம் தர வேண்டும்.

வெளியூர் மாட்டுக்குத் தீவனம்

எதையும் ஒழுங்குபடுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனா உதாரணம். 1980லேயே அந்த மாநிலம் கடுமையான நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது ஃபீனிக்ஸ், டூசான் போன்ற நகரங்களைச் சுற்றிய பகுதிகளுக்கு மட்டும். கிராமப்புறத்தில் பெரும்பாலான இடங்களில் எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம். சவுதி அரேபியப் பால் நிறுவனம் ஒன்றின் கிளையான ஃபோன்டோமான்டே, பட்லர் பள்ளத்தாக்கில் மாநில அரசின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 25 டாலர் அளவில். தண்ணீருக்குத் தனிக் கட்டணம் இல்லை. அங்கே குதிரைமசால் வளர்த்து, சவுதியில் உள்ள மாடுகளுக்கு அனுப்பியது. சவுதி அரசு தன் நாட்டில் தண்ணீரைக் காக்கத் தீவனப் பயிரைக் கட்டுப்படுத்தியிருந்த நேரம் அது. எதிர்ப்பு வலுத்த பின், 2023 அக்டோபரில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் ஒரு குத்தகையை ரத்து செய்தார். மற்றவை புதுப்பிக்கப்படாது என்றும் அறிவித்தார்.

வில்காக்ஸ் பகுதி மக்கள், நீர்க்கட்டுப்பாடு வேண்டுமா என்ற 2022 வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகும் கிணறுகள் வற்றின. நிலத்தில் வெடிப்புகள் விழுந்தன. ஒரு சில ஆண்டுகளில் மாநிலமே அந்தப் பகுதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இனி அங்கே புதிதாகப் பாசனப் பரப்பைக் கூட்ட முடியாது.

வெள்ளத்தை வயலில் நிறுத்துதல்

இறைப்பதைக் குறைப்பது மட்டுமே வழி அல்ல, இறக்குவதையும் கூட்டலாம். ஃபிரெஸ்னோ கவுன்டியில் டெரனோவா பண்ணையை நடத்தும் டான் கேமரன், 2011இல் கிங்ஸ் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அந்தத் தண்ணீரைத் தன் திராட்சைத் தோட்டத்தில் நிறுத்திப் பார்த்தார். வேர் அழுகிவிடும் என்று மற்றவர்கள் பயந்தார்கள். கொடிகள் தாக்குப்பிடித்தன, தண்ணீர் நிலத்துக்குள் இறங்கியது. 2023இல் பெருமழை பெய்து, வற்றிப்போன டுலேரி ஏரியே திரும்ப உயிர்பெற்ற ஆண்டில், வெள்ளநீரை இப்படித் திருப்பிவிடுவதற்கான அனுமதி நடைமுறைகளை ஆளுநர் கேவின் நியூசம் தளர்த்தினார். அந்த ஆண்டு மட்டும் கலிஃபோர்னியாவில் 41 லட்சம் ஏக்கர் அடி தண்ணீர் திட்டமிட்டு நிலத்துக்குள் இறக்கப்பட்டது.

இதிலும் கவனம் வேண்டும். யூரியா அதிகம் போட்ட வயலிலும், மாட்டுச் சாணக் கழிவு தேங்கிய இடத்திலும் வெள்ளத்தை நிறுத்தினால் நைட்ரேட்டும் சேர்ந்து கீழே இறங்கும், குடிநீர் கெடும். தண்ணீர் வேகமாக உள்வாங்கும் மண்ணும், உரம் குறைவாகப் போட்ட வயலுமே இதற்கு ஏற்றவை. அப்படியான ஈரமான ஆண்டுகளும் அடிக்கடி வருவதில்லை.

அளந்தால்தான் பேச முடியும்

இந்த மாநிலங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். சண்டை குறைவாக இருக்கும் இடங்களில் எல்லாம் மீட்டர் முன்கூட்டியே வந்திருக்கிறது. நெப்ராஸ்காவின் மேற்கு மூலையில் 40 ஆண்டுகளுக்கு முன்பே பாசனக் கிணறுகளுக்கு மீட்டர் வைத்தார்கள். கான்சாஸிலும் அப்படியே. கலிஃபோர்னியாவில் யார் எவ்வளவு எடுக்கிறார் என்பது தெரியாமலேயே பல பத்தாண்டுகள் கடந்தன. அதனால் இன்று ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள்.

இரண்டாவது, ஷெரிடன் விவசாயிகள் 20 சதவீதம் குறைத்தபோது அவர்கள் கையில் இன்னும் தண்ணீர் இருந்தது. எதைக் குறைப்பது, எந்தப் பயிருக்கு மாறுவது என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. டுலேரியில் அந்தத் தேர்வுக்கான காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. மூன்றாவது, உள்ளூர்க்காரர்கள் முடிவெடுப்பது நல்லதுதான். ஆனால் அந்த வாரியத்தில் சிறு விவசாயிக்கும், குத்தகைதாரருக்கும், குடிநீருக்குக் கிணற்றை நம்பும் வீட்டுக்காரருக்கும் இடம் இல்லையென்றால், முதலில் வற்றுவது அவர்களுடைய கிணறுதான்.

2040க்கு இன்னும் நீண்ட காலம் இருப்பதுபோலத் தோன்றலாம். இன்று நடும் பாதாம் கன்று அந்த ஆண்டில் நல்ல காய்ப்பில் நிற்கும். அதனால்தான் சான் வாக்கீன் விவசாயிகள், நாற்றங்காலில் கன்று வாங்கும் முன் தங்கள் படுகைக்கு எவ்வளவு தண்ணீர் ஒதுக்கப்படும் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.